அட்டையில் இடமில்லாதவை

பணப்பைக்குள் நுழைகிற அளவு.
மூன்று வரிக்கு மேல் போனால் எழுத்து பொடியாகிவிடும்
என்றார் அச்சகத்துக்காரர்.

"என் கணவருக்கு மூளையில் நோய்.
குடித்திருக்கவில்லை. கெட்டவரும் இல்லை.
சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள்."

நூறு அட்டை, எட்டு யூரோ.
மரிபோர் நகரத்துக்குள்ளேயே எழுபது தீர்ந்துவிட்டன,
பிப்ரவரி முடிவதற்குள்.

மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

அவன் பெயர் வொய்கோ. வயது ஐம்பத்து நான்கு.
ஆறாம் எண் பேருந்தை இருபத்திரண்டு வருஷம் ஓட்டினான்.
இப்போது கேட்டாலும் நிறுத்தங்களை வரிசை பிசகாமல் சொல்வான்,
எந்த வளைவில் முதலில் பனி உறையும் என்பதையும்.
டிமென்ஷியா என்றதும் பரிதாபமாய்த் தலையைச் சாய்த்து
"உங்களை அடையாளம் தெரிகிறதா?" என்கிறார்கள்.
தெரிகிறது.
எங்கள் கல்யாணத் தேதி, என் செருப்பின் அளவு,
என் அக்கா வாங்கித் திருப்பாத நூற்றைம்பது,
எல்லாம் பத்திரமாய் இருக்கின்றன.

அம்மாவைப் புதைத்த அன்று
பாதிரியார் ஒரு பிடி மண்ணுக்குக் குனிந்த நேரத்தில்
"பொத்திட்சாவை எப்போது வெட்டுவார்கள்?" என்றான்
கல்லறைத் தோட்டம் முழுக்கக் கேட்க.
"வால்நட் வைத்ததா, பாப்பி வைத்ததா?"
அழுதுகொண்டிருந்த என் முகத்தைப் பார்த்தான்,
மழை விட்டதா என்று ஜன்னலைப் பார்ப்பதுபோல.

இன்னொருத்தி இருக்கிறாள் என்று நினைத்தேன்.
சட்டைகளை மோந்து பார்த்தேன்.
வியாழக்கிழமைகளில் தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்லும் அம்மாள்
ஐந்து நிமிஷம் கண்ணோடு கண் பார்க்கச் சொன்னாள்.
முந்நூறு வரை எண்ணிவிட்டு எழுந்து போனான்.
ஒரு மருத்துவர், மனச்சோர்வு என்றார்.
இன்னொருவர், இந்த வயதில் ஆண்கள் இப்படித்தான் என்றார்.
நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள்.
அந்தத் தப்பான மாத்திரைகளை
நானேதான் எண்ணிப் போட்டேன்.

மகள் நேஜா தோழிகளை வீட்டுக்கு அழைத்துவருவதை நிறுத்தினாள்.
ஏன் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.
எனக்கும் தெரியும்.

நான்கு வருஷம் கழித்து லுப்லியானாவில்
திரையில் ஒரு படம் காட்டினார்கள்.
நெற்றிக்குப் பின்னால், பொட்டுகளின் ஓரத்தில்,
இருக்க வேண்டியது சுருங்கியிருந்தது.
ஃபிரண்டோடெம்போரல் டிமென்ஷியா.
கூச்சம் அங்கேதான் குடியிருக்கிறதாம்,
அடுத்தவர் வலி நம் மேல் படுவதும் அங்கேதான்.
உள்ளே காய்ந்துபோன வால்நட் மாதிரி இருக்கிறதே என்று நினைத்தேன்.
அப்படி நினைத்ததற்குக் கூசினேன்.
எங்கள் இருவருக்குமாய்ச் சேர்த்து
கூசுவது இனி என் வேலை.

காரில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன்.
எறிந்த தட்டுக்கு, சொன்ன சொல்லுக்கு,
தனியே படுக்க வைத்த குளிர்காலத்துக்கு.
"சரி" என்றான்.
"பெட்ரோல் பங்கில் ஐஸ்கிரீம் கிடைக்கும்" என்றான்.

கிடைத்தது. மூன்று சாப்பிட்டான்.

போன வாரம், எழுபத்தோராவது அட்டை.
கடை அலமாரி முன்னாலேயே நின்று
சாக்லேட்டை உரித்துத் தின்றுகொண்டிருந்தான்.
கல்லாவில் இருந்த பையனின் சட்டையில் டிலேன் என்று பெயர்.
அட்டையை வாங்கி இரண்டு தரம் படித்தான்.
பிறகு வெற்று உறையை நீவித் தட்டையாக்கி
ஸ்கேனரில் காட்டினான்.
அதன் பின்தான் அவனை நிமிர்ந்து பார்த்தான்.

"இவர் பேருந்தில்தான் பள்ளிக்கூடம் போவேன்.
ஒருநாள் கையுறையைத் தொலைத்துவிட்டு அழுதேன்.
தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தார்.
முழங்கை வரை வந்தது."

என்ன சொல்வதென்று தெரியாமல் சில்லறையைத் தேடினேன்.
வொய்கோ வாயைத் துடைத்துக்கொண்டான்.

"பழுப்பு நிறம், தோல்" என்றான்.
"இன்னும் திருப்பித் தரவில்லை."

முதலில் டிலேன்தான் சிரித்தான்.