பூட்டி வைத்திருப்பவர்: இங்வால்ட்

வார்டோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி பாதிக்குமேல்தான் திரும்பும்.
சர்வருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை.
காபி மெஷினுக்குப் பக்கத்து அலமாரியில்,
முன்பு இரைமீன் வாளிகள் இருந்த இடத்தில்
நான்கு வட்டுகளோடு முனகிக்கொண்டிருக்கும்.
அலமாரிக் கதவில் நான் ஒட்டிய தாளின் தலைப்பு
'தெரிந்த கோளாறுகள்'.
தெரியாதவற்றுக்குத் தாள் போதாது.

முதல் வரி தூர்லைஃபுக்காக எழுதியது.
கோப்புறைக்குள் கோப்புறை, அதற்குள் இன்னொன்று,
ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் பெயர்:
'நண்டு எடை வடக்குத் துறை சரிபார்த்தது மறுபடி சரிபார்த்தது'.
இருநூற்றைம்பது சொச்சம் எழுத்து தாண்டியதும்
விண்டோஸ் மூச்சு முட்டி நின்றுவிடும்.
கோப்பு இருக்கும், திறக்காது, அழிக்கவும் விடாது.
சுற்றுவழி: பாதித் தூரத்தில் ஒரு டிரைவ் எழுத்தை நட்டு
அங்கிருந்து நடக்கத் தொடங்கவும்.
தூர்லைஃபிடமே பேசிப் பார்த்தேன்.
அது சுற்றுவழி ஆகவில்லை.

அடுத்தது கடிகாரம்.
மின்சாரம் போய் வந்த ஓர் இரவில் சர்வர்
ஏழு நிமிடம் முன்னால் ஓடிவிட்டது.
இன்னும் வராத நேரத்தில் சேமித்த கோப்புகள்
காலையில் எங்களுக்காகக் காத்திருந்தன.
ஐந்து நிமிடத்துக்குமேல் பிசகினால்
காவல் யாரையும் உள்ளே விடாது,
கடவுச்சொல் எவ்வளவு சரியாக இருந்தாலும்.
நண்பகலும் நள்ளிரவும் ஒரே நிறமான மாதத்தில்
ஜன்னலைப் பார்த்து யார் நேரம் சொல்வது?
பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திறக்காத கதவு
எண்ணைச் சொல்லித் தட்டினால் திறந்தது.
ஏன் என்று எனக்குத் தெரியும்.
சொல்லி முடிப்பதற்குள் உங்கள் காபி ஆறிவிடும்.

போட்ஸ்ஃபியூர் என்று இரண்டு கோப்புகள்,
அருகருகே, ஒரே பெயரில்.
அந்த ஊர்ப்பெயரில் இரண்டாம் எழுத்தின் தலைமேல் ஒரு வளையம்.
குன்வோரின் மேக்கில் எழுத்து தனி, வளையம் தனி.
மற்றவர்களுக்கு வளையத்தோடே பிறந்த ஒற்றை எழுத்து.
கண்ணுக்கு ஒன்று, சர்வருக்கு இரண்டு.
வளையத்தைக் கழற்றி எழுதவும் என்றேன்.
போட்ஸ்ஃபியூர்க்காரர்கள் ஒரு வாரம் பேசவில்லை.

கடைசி வரிக்கு எதிரே வெற்றிடம்.
வாராந்திர நண்டுக் கணக்கு. திறந்தால்
'பூட்டி வைத்திருப்பவர்: இங்வால்ட். படிக்க மட்டும்.'
இங்வால்ட் பதினெட்டு நாளாகக் கிர்கெனெஸ் மருத்துவமனையில்.
பனி படிந்த படகுப்படி, இடுப்பெலும்பு.
அவன் மடிக்கணினியோ மாடியறையில்
மின்சாரம் குடித்துக்கொண்டு, தூங்காமல்,
உடும்புப்பிடியாய்.
அதற்குள் ரன்வைக் ஒரு நகல் எடுத்தாள்,
தூர்லைஃப் நகலுக்கு நகல்.
'கடைசி'. 'உண்மையிலேயே கடைசி'. 'ரன்வைக் தொடாதே'.
மூன்றிலும் நண்டுகள் வேறு வேறு எண்ணிக்கையில்.

ஒரே கட்டளையில் அவன் விரல்களைப் பிரித்துவிடலாம்.
சேமிக்காமல் விட்டது என்னவென்று தெரியாது.
வியாழன் மாலை போன் செய்தேன்.
'அதில் ஏதாவது எழுதி வைத்தாயா?'
நீண்ட மௌனம். பின்னால் யாரோ
தட்டுவண்டி தள்ளிப் போகும் சத்தம்.
'நாற்பத்தோராம் வரிசை. ஒரு பெண் நண்டு.
எடையில் சந்தேகம். மறுபடி நிறுக்கப் போனேன்.
அப்போதுதான் விழுந்தேன்.'
'நண்டு?'
'அது நடந்து போயிருக்கும்.'
சிரித்தான். வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்தினான்.

மாடியேறி மூடியைத் திறந்தேன்.
கடவுச்சொல் அவன் படகின் பெயர்.
ஊருக்கே தெரியும், அதையும் தாளில் சேர்க்க வேண்டும்.
நாற்பத்தோராம் வரிசையில், எடைக்கான கட்டத்தில்,
கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.
வெறுமையாகவே சேமித்து மூடினேன்.
'திறக்குது!' என்று கீழேயிருந்து ரன்வைக்.

அலமாரிக் கதவில், அந்தக் கடைசி வரிக்கு எதிரே
இப்போது இப்படி இருக்கிறது:
கிர்கெனெஸுக்கு போன் செய்யவும்,
எலும்புப் பிரிவு, பதினான்காம் படுக்கை.
மாலை ஐந்துக்குப் பிறகு.
சர்வர் நேரப்படி அல்ல.