மூன்றரைக் கட்டை

தண்டையார்பேட்டை மார்க்கெட் சுவர் முழுக்க
அவள் முகம்.
‘நீலவேணி சபதம்,
தொண்ணூறு வருஷம் கழித்து மீண்டும் மேடையில்’
என்று மோவாய்க்குக் கீழே எழுத்து.
போன ஆடியில் நாங்கள் போட்டதை
யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.
அப்போது ராணி நான்.
நாற்பத்தொரு பேர் வந்தார்கள்,
அதில் ஏழு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள்.

இந்த வருஷம் தோழி.
தேவகிருபை என்ற என் பெயர்
போஸ்டரின் அடியில் பொடியாகி
பசையில் ஊறிப் போயிற்று.

மூன்று படம், ஒரு நகைக்கடை விளம்பரம்
நடித்த பிள்ளை.
ஒத்திகைக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்,
அதுவரை குறை சொல்ல முடியாது.
சாலமன் மாஸ்டர் ஆர்மோனியத்தில்
ஐந்தரை வைத்தார். ஏறவில்லை.
ஐந்து. நாலரை. நாலு.
மூன்றரையில் குரல் உட்கார்ந்தது,
பஸ்ஸில் சீட் கிடைத்த மாதிரி.
அன்றிலிருந்து எல்லோருக்கும் அதுவே சுருதி.
மாடியில் குடியிருந்த என் தொண்டை
கீழ்வீட்டுக்கு வந்து
நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டே இருந்தது.

அட்வான்ஸ் கவரில் வந்தது, முதல் தடவையாக.
திட்ட வாயெடுத்தேன்.
எண்ணிப் பார்த்தேன், முழுசாக இருந்தது.
கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிவிட்டேன்.

முதல் நாள்
கொருக்குப்பேட்டை கேட் போட்டுவிட்டார்கள்.
கூட்ஸ் வண்டி வந்து நின்றது, நகரவில்லை.
அவள் கார் அந்தப் பக்கம்,
எண்ணூறு பேர் இந்தப் பக்கம், விசிலோடு.
‘போய் எதையாவது பாடு’ என்று தள்ளினார்கள்.
மாஸ்டர் என்னைக் கேட்கவில்லை,
ஐந்தரையை வைத்தார்.
பாடினேன்.
கடைசி வரிசைச் சுவரைத் தொட்டுவிட்டுத்
திரும்பி வந்தது என் குரல், மைக் இல்லாமல்.
கைதட்டினார்கள்தான்.
பின்னாலிருந்து ஒருத்தன்
மரியாதையாகவே கேட்டான்:
‘யக்கா, சோக்காத்தான் பாட்ற.
அவுங்க எப்ப வருவாங்க?’

வந்தாள்.
ஹால் எழுந்து நின்றது.

விஷம் குடித்த ராணி
என் மடியில் விழுந்து பாடிச் சாகிற கட்டம்.
செத்தாள்.
காசிமேட்டு ஆட்கள் இருந்த பக்கமிருந்து
‘ஒன்ஸ்மோர்!’
இமையைத் திறக்காமல் கேட்டாள்,
‘என்னக்கா, ரீடேக்கா?’
‘எழுந்து திரும்பப் பாடிட்டு, திரும்பச் சாவு.’
‘செத்துட்டேனே.’
‘பரவால்ல. இங்க அப்படித்தான்.’

எழுந்தபோது
கழுத்து மைக்கின் ஒயர் என் வளையலில் மாட்டிப்
பிய்ந்துகொண்டது.
வெறுங்குரல்.
மூன்றரையில் தொடங்கியது பயத்தில் பிடி நழுவி
மேலே ஓடியது,
மாஸ்டரின் விரல்கள் பின்னால் ஓடின,
நாலு,
நாலரை,
அங்கே கிழிந்தது.
கிழிந்ததோடு நிறுத்தாமல் பாடினாள்.
என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில்
வளையல் ஒன்று உடைந்தது.

அடியில் ஒரு வரி எடுத்துக் கொடுத்திருக்கலாம்.
என் ஐந்தரை வாய்க்குள் தயாராக இருந்தது.
உதட்டை மூடிக்கொண்டேன்.
அது பொறாமையா மரியாதையா என்று
இன்றுவரை பிரித்துப் பார்க்கவில்லை.

இரண்டாம் சாவுக்கு
யாரும் ஒன்ஸ்மோர் கேட்கவில்லை.
ஃபேன் சத்தம் மட்டும்.
பிறகுதான் கைகள்.

அரிதாரத்தைத் தேங்காயெண்ணெயில்
துடைத்துக்கொண்டே கேட்டாள்:
‘நாளைக்கு நாலரையிலயே வெக்கச் சொல்லவா?’
மாஸ்டர் என்னைப் பார்த்தார்.
நான் தரையில்
வளையல் துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.
‘அஞ்சுக்கு முன்னாடி வந்துடு’ என்றேன்.
‘அப்புறம் கேட்டு போட்ருவாங்க.’