இடக்காதுப் பக்கம்

எஸ்கலாண்டேயைத் தாண்டியதும்
கஸ்பார் ஏதோ சொன்னான்.
இந்த நாட்டில் ஓட்டுபவர் இடப்பக்கம்.
என் செவிட்டுக் காதும் இடப்பக்கம்.
"என்ன?" என்றேன்.
"ஒண்ணுமில்ல" என்றான்.

அந்த ஒண்ணுமில்ல
பன்னிரண்டு மைல் மண்சாலையிலும்
எங்கள் நடுவே
பெல்ட் போட்டு உட்கார்ந்து வந்தது.

பாதை தொடங்குமிடத்தில் தகரப்பெட்டி, உள்ளே நோட்டு.
கடைசிப் பெயர் எழுதப்பட்டு நான்கு நாள்.
கஸ்பார் "இரண்டு பேர்" என்று எழுதிப்
பென்சிலை நூலோடு உள்ளே விட்டான்.

பிறகு மணல், செங்கல்லைப் பொடித்த நிறத்தில்.
சப்பாத்திக்கள்ளியின் மேல்
கேட்காமலே ஒரு மஞ்சள் பூ.
பாறைச் சுவர்கள் இருபுறமும் எழும்பி
வானத்தைக் கத்தரித்துக்கொண்டே வந்து
கடைசியில் ஒரு வேட்டிக்கரை அகலம் மிச்சம் வைத்தன.

ஓடையில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்.
வலப்பக்கம் ஓடிய வரைக்கும்
கூழாங்கல் ஒவ்வொன்றையும்
பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

முதல் கடப்பு.
கோலை ஊன்றி அக்கரை ஏறினேன்.
ஓடை இடப்பக்கம் ஆனது.
யாரோ அடுத்த அறைக் கதவை
மெல்லச் சாத்தியதுபோல் இருந்தது.
இரண்டாவது கடப்பில் திறந்தார்கள்.
மூன்றில் மறுபடி சாத்தினார்கள்.
எண்ண ஆரம்பித்தேன்.

ஒரு குருவி
படியிறங்குவதுபோல் சுரம் இறக்கிப் பாடியது.
கஸ்பார் இடப்பக்கம் கைகாட்டினான்.
எனக்கு எல்லாப் பறவைகளும்
வலப்பக்கத்தில்தான் குடியிருக்கின்றன.

ஏழாவது கடப்பருகே ஊமத்தை,
தட்டகலத்தில் வெள்ளைப் பூக்கள்.
"நீ எங்கே இங்கே?" என்றேன்.
"என்கிட்டயா?" என்றான் கஸ்பார்.
"இல்ல."
ஒரு மணி நேரத்தில் பேசியது அவ்வளவுதான்.

தலைக்கு மேல் இரண்டாள் உயரத்தில்
பாறையிடுக்கில் முழு மரமொன்று செருகிக் கிடந்தது.
இந்தக் கணுக்கால் தண்ணீரா தூக்கி வைத்தது?
இருவரும் வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டோம்.
நீலம்தான்.

சால்ட்லேக்கில் டாக்டர்
பிளாஸ்டிக் காதைப் பிரித்துக் காட்டினாள்.
உள்ளே பட்டாணியளவு ஒரு சங்கு.
செவிடன் காதில் சங்கு ஊதுவார்களாமே,
சங்கு உள்ளேயே இருக்கிறது,
ஊதத்தான் ஆளில்லை என்று சிரித்தேன்.
கஸ்பார் சிரிக்கவில்லை.
அன்றிலிருந்து கடையில், தெருவில், கோயிலில்
சொல்லாமலே என் வலப்பக்கம் மாறிக்கொள்வான்.
இங்கே ஒற்றையடிப் பாதை.
முன்னால் போகலாம், பின்னால் வரலாம்.

பதினொன்றாவது கடப்புக்குப் பின்
வளைவு திரும்பினால் அருவி.
கறுத்த பாறை, அதில் பாசித் தாடி,
தாடி நுனியெல்லாம் தண்ணீர்.
என் ஒற்றைக்காது நிறைந்து வழிந்தது.

"கார்ல என்ன சொன்ன?" என்று கத்தினேன்.
கஸ்பாரின் உதடு "என்ன?" என்றது.
இன்னும் உரக்கக் கத்தினேன்.
புருவம் சுருக்கி, தலை சாய்த்து,
உள்ளங்கையைக் காதோரம் குவித்து,
ஓர் அசட்டுச் சிரிப்பைத் தயாராய் வைத்துக்கொண்டு...
அடடா, இது என் அபிநயமல்லவா.
இரண்டு வருடமாய் அவன் எதிரே
இப்படியா நிற்கிறேன்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான்.
பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு
அருவிக்கடியில் போய்
இரண்டு காதையும் கொடுத்தான்.

திரும்பும்போது எண்ணிக்கை தவறியது.
பத்தா, பன்னிரண்டா.
கடைசிக் கடப்பு தாண்டி
ஓடை இடப்பக்கம் போய் மங்கிற்று.
பாதை அகன்றது.
ஈரத்தலையோடு கஸ்பார்
என் வலப்பக்கம் வந்து சேர்ந்தான்.

"பெட்ரோல் கம்மியா இருக்கு,
திரும்பிப் போய்ப் போட்டுட்டு வரலாமான்னு கேட்டேன்."

சுவர்கள் இரண்டும்
என் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தன.
எனக்கு வந்தது வலது சுவரின் பங்கு மட்டும்.

வண்டியைக் கிளப்பினான்.
இருட்டத் தொடங்கிய மண்சாலையில்
எங்கள் முன்னே
ஆரஞ்சு நிறத்தில் ஒரு சிறு விளக்கு,
சத்தமே போடாமல்.