சாயம்

ஏப்ரல் மூன்று, செவ்வாய், இரவு ஏழு மணி.
ஹெரன் ரிட்ஜ் வீட்டு உரிமையாளர் சங்கம், மினசோட்டா.
வந்தவர்கள் பதினொருவர்.
காபி இருந்தது, சர்க்கரை தீர்ந்திருந்தது.
இவ்வளவுதான் குறிப்பேட்டில் எழுதினேன்.

எழுதாமல் விட்டது:
மார்லிஸ் எங்கப்ரெட்சன் பிளாஸ்டிக் பையில்
பனிக்கட்டி கொண்டுவந்திருந்தாள்.
தன் கார்ப்பாதையிலிருந்து அன்று காலை
சுத்தியலால் பெயர்த்தது.
மேசைமேல் வைத்தாள்.
"இது அவர் வீட்டு நிலவறைத் தண்ணீர்.
நான் விழுந்தது இதன்மேல்தான்."
கட்டுப்போட்ட மணிக்கட்டையும் பக்கத்தில் வைத்தாள்,
இரண்டாவது சாட்சியாக.

காங் மூவா எழுந்திருக்கவில்லை.
உட்கார்ந்தபடியே சொன்னார்:
என் மோட்டார் பிப்ரவரியிலேயே எரிந்துவிட்டது.
ஒரு மாதம் வாளியால் இறைத்துச்
சமையலறைத் தொட்டியில் கொட்டினேன்.
அவர் மகள் பா நியா புது மோட்டாரின் ரசீதை நீட்டினாள்,
மார்ச் இருபத்தெட்டு.
யாரும் வாங்கிப் பார்க்கவில்லை.
போன கூட்டத்தில் அவருக்கு இருநூறு டாலர் அபராதம்
போட்டவர்கள் நாங்கள்.

அந்த இரண்டு மனைகளுக்கு நடுவே
வரைபடத்தில் ஒரு புல்வாய்க்கால் ஓடுகிறது,
புள்ளி புள்ளியாய்.
தரையில் அது இல்லை.
தரையில் இருப்பது மார்லிஸின் பியோனி மேடையும்
மூவாவின் மரவேலியும்.
இரண்டுக்கும் அனுமதி தந்த கையெழுத்து என்னுடையது.

பையில் ஓட்டை இருந்திருக்கிறது.
மேசை சாய்வானது என்பது
ஒன்பது ஆண்டுகளில் அன்றுதான் தெரிந்தது.
தண்ணீர் எவரையும் தொடாமல்
நேரே வந்து என் தாள்களை நனைத்தது.

சனிக்கிழமை, கவுண்டியில் கடன் வாங்கிய
பச்சைச் சாயத்தோடு போனோம்.
முதலில் மூவாவின் நிலவறைக் குழி.
மோட்டார் முக்கியது, துப்பியது.
பச்சை அவர் வேலியோரமாகவே போய்
தெருவடிகாலில் விழுந்தது.
"இன்னொரு முறை" என்றாள் மார்லிஸ்.
இன்னொரு முறை. அதே வழி.

அப்போது பா நியா கேட்டாள்:
மேட்டில் இருக்கிற குளம் யாருடையது?

குளம் பொது. அதாவது சங்கத்துடையது.
அதன் வடிகால் வாயை ஆண்டுதோறும் தூர்வார வேண்டும்.
நான்கு ஆண்டுகளுக்கு முன்
வரவுசெலவில் அந்த வரியை அடித்தது
இதே பேனா.
ஆயிரத்து நானூறு டாலர் மிச்சம்,
கைகூடத் தட்டினார்கள்.
அந்தப் பணத்தில்தான் நுழைவாயில் பெயர்ப்பலகைக்கு
விளக்குப் போட்டோம்.

குளத்தில் ஊற்றிய பச்சை
நாணலுக்குள் போய் மறைந்தது.
இருபது நிமிடம் நின்றோம், குளிரில்.
மார்லிஸ் மூவாவிடம் மணி கேட்டாள்.
மூவா சொன்னார்.
வக்கீல் கடிதம் இல்லாமல் அந்த ஆண்டு
அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது.

பிறகு வந்தது.
கரை தாண்டி, புல்லுக்கடியில் ஊர்ந்து,
மூவாவின் சுவரோரம் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கி
(அவர் மோட்டாரைக் கொன்றதும் இதுதான்)
மீதி பியோனி மேடையில் முட்டித் திரும்பி
கார்ப்பாதை முழுக்கப்
பச்சைப் பசேலென்று பரவியது.

இருவரும் ஒருசேரத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.
அந்தச் சாயம் வெளுக்கவே இல்லை.
வெளுத்தது எங்களுடையது.

மே ஒன்று. தீர்மானம்:
சங்கச் செலவில் குளத்து வாயைத் தூர்வாருவது,
புல்வாய்க்காலை மறுபடி வெட்டுவது,
அபராதத்தைத் திருப்பித் தருவது.
முன்மொழிந்தவர் எங்கப்ரெட்சன்.
வழிமொழிந்தவர் மூவா.
அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.
வேலி எத்தனை அடி நகரும், பியோனி எத்தனை அடி என்று
மறுபடி குரல்கள் உயர்ந்தன.
அது ஜூனுக்குத் தள்ளிவைக்கப்பட்டது.

எல்லோரும் போனபின்
அந்தப் பழைய வரவுசெலவுத் தாளை நாலாய் மடித்து
மேசைக்கால் ஒன்றுக்கு அடியில் செருகினேன்.
பேனாவை நடுவில் வைத்துப் பார்த்தேன்.

என் பக்கமே உருண்டது.