எட்டாம் கல்

போரின் மூன்றாம் குளிர்காலம்.
நிஸா ஆறு உறைந்து
யாப்லோனெட்ஸின் சாணைச் சக்கரங்கள் நின்றிருந்தன.
ஆண்கள் முனையில். பட்டறையில் நானும் ஸ்லாவ்காவும்
கரி தீர்ந்த அடுப்பும்.

அப்போது வந்தார் எங்கெல்பெர்ட் என்பவர்.
மான்தோல் கையுறை, உள்ளே தையல் விட்டிருந்தது.
பார்த்ததும் தெரிந்துகொண்டேன்:
ஏதோ ஓர் அரண்மனையின் கடன்
என் கதவைத் தட்டுகிறது.

துணியைப் பிரித்தார்.
வெள்ளிச் சட்டத்தில் பதினொரு மரகதங்கள்,
மழையில் ஊறிய இலைகள் போல.
“சிற்றரசியின் மணமுடி. நகல் வேண்டும்.
வாய் வேண்டாம்.”

கூடவே ஒரு தாள். குதிரைகளைப் போலக்
கற்களுக்கும் வம்சாவளி உண்டாம்.
மூசோ மலையில் தோண்டியது
(தோண்டியவன் பெயர் இல்லை).
ஒருமுறை கப்பலோடு மூழ்கி
வலையில் மீண்டது.
லிஸ்பனில் ஒரு பிஷப்பின் மார்பில் இருந்தது.
ஒரு முற்றுகையின்போது ரொட்டிக்குக் கைமாறியது,
ரொட்டியின் எடைகூட எழுதியிருந்தது.
பிறகு அதை அணிந்த மணமகள் ஒருத்தி
மூன்றாம் நாள் இறந்தாள்.
அதன்பின்தான் முடிக்கு ஒரு பெயர் வைத்தார்கள்.
பெயர் வந்ததும் விலை இரட்டித்தது.

பச்சை எனக்குக் கைவந்த பச்சை.
பத்துக் கற்கள் பத்து நாளில் முடிந்தன.
எட்டாவதுதான் உயிரை எடுத்தது.
அதற்குள் ஒரு விரிசல், பெரணி இலை அளவுக்கு
அழகாகப் படுத்திருந்தது.
அழகைச் செய்துவிடலாம்,
குறையைச் செய்வதுதான் பாடு.
கொதிக்கும் கண்ணாடியைப் பனிநீரில் இறக்கினேன்.
பதினேழு முறை சுக்குநூறு.
பதினெட்டாவது பிளக்கத் தொடங்கி, பாதியில்
மனம் மாறியதுபோல் நின்றது.
அதன் ஓரத்தில் கடுகிலும் சிறிய ஒரு குமிழி.
பார்த்தேன். விட்டுவிட்டேன்.
கூலியில் பாதி பணம், பாதி காப்பிக்கொட்டை.
இரண்டில் காப்பிதான் நல்ல நாணயம்.

அரசு கவிழ்ந்த செய்தி பத்திரிகையில் வந்தது.
எல்லை ரயில் நிலையத்தில் சிற்றரசியை நிறுத்தி
பெட்டியைத் திறந்தார்களாம் சிப்பாய்கள்.
முடியைப் பிடுங்கியபோது
நடைமேடையில் உட்கார்ந்து அழுதாளாம்,
தொப்பி கழன்று விழுந்தும் எடுக்காமல்.
படித்துவிட்டுச் சிரித்தேன்.
“ஸ்லாவ்கா, அந்த அழுகையைக் கேட்டாயா?
நம் வேலையைவிட நேர்த்தியான நகல்!”

மக்களின் உடைமை ஆனது முடி.
அருங்காட்சியகம் திறந்தார்கள். ரயிலேறிப் போனேன்.
அங்கே நாணயத்துக்குப் பெயரே முடி, க்ரோனே.
பணம் காற்றாய்ப் போன ஆண்டு அது:
ஒரு முடியைப் பார்க்க அறுநூறு முடி.

கண்ணாடிப் பேழைக்குள் என் கண்ணாடி.
பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு பையன்
மீசை முளைக்காத கடமையோடு நின்றான்.
முன்னால் நின்ற ஓர் அம்மாள்
சிலுவை போட்டுக்கொண்டாள்.
ஒன்று, இரண்டு என்று விரலை மடக்கினேன்.
எல்லாம் என் பிள்ளைகள்,
எண்ணெய் பூசி நின்றன.

எட்டு.
பெரணி இலை இருந்தது.
குமிழி இல்லை.

கண்ணாடியில் மூக்கு படும்வரை குனிந்தேன்.
“அம்மா, தள்ளி” என்றான் பையன்.
தள்ளி நின்று, மறுபக்கம் போய், மண்டியிட்டும் பார்த்தேன்.
இல்லை.
மூசோவின் இருட்டு அதற்குள் அப்படியே இருந்தது.

பத்தை விற்றவள் ஒன்றை விற்கவில்லை.
பொய்களின் வரிசையில் மெய்யை ஒளித்துத்
தலையில் சுமந்திருக்கிறாள்.
அந்த ரயில் நிலையத்து அழுகைக்கு
நான் சிரித்த சிரிப்பு
தொண்டையில் திரும்ப வந்தது.

அப்படியானால் என்னுடையது?
ஏதோ ஊரில், ஏதோ வங்கியின் இரும்பறையில்,
பத்து மரகதங்களுக்கு நடுவே
விலை கொடுத்து வாங்கப்பட்டு,
காப்பீடு செய்யப்பட்டு,
கடுகிலும் சிறிய காற்றை
அடைகாத்துக்கொண்டு இருக்கிறது.
பதினெட்டாவது முறை.

மணி அடித்தது. பையன் பேழை மேல் இருந்த
என் மூச்சுப் புகையைத்
துணியால் துடைத்தான்.
நல்ல துடைப்பு. கோடு விழவில்லை.