தக்கை

குளச்சலில் கிழிந்த வலையோடு கிடந்த ஈயம்,
ஒன்றே கால் கிலோ.
நெய்மீன் விலை சொன்னான் சில்வெஸ்டர்.
கடையாலுமூட்டுக்கு ஈயம் எதற்கு என்று
அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
அடுப்பில் உருகும்போது கடல் மணத்தது.
அச்சில் ஊற்றி, ஆறவிட்டு, எண்ணினேன்:
தோட்டா ஒன்றுக்கு ஒன்பது குண்டு.

துப்பாக்கி என்னுடையது. ஒற்றைக்குழல்.
லைசென்சில் ஒட்டியிருக்கும் முகம்
கிளாடிஸ்பாய், கணவர் ராஜையன், காலமானவர்.
நாகர்கோவிலில் புதுப்பிக்கப் போனால்
கிளார்க் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்,
ஆள் எங்கே என்று.
தேர்தல் வந்தால் துப்பாக்கி ஸ்டேஷனில் கிடக்கும்;
அந்த இரண்டு மாதமும் மரச்சீனி விளையில்
பன்னிக்குத்தான் பெரும்பான்மை.

கடையில் தருகிற தோட்டா ஒரு மழைக்குத் தாங்காது.
மீதியை நான் நிறைக்கிறேன்.
வெடித்த கூட்டின் உள்ளே ஆணி விட்டுத் தட்டினால்
பழைய கேப்பு கழன்று விழும்.
புதியதை அமர்த்தி
இருமல் மருந்து மூடியால் கருமருந்து.
ரப்பர் பாலுக்கு ஆசிட் அளந்து பழகிய கை,
ஒரு பொடி கூடாது, குறையாது.
மேலே தக்கை, குண்டு, மறுபடி அட்டை,
வாயை மடித்து மெழுகு.
கணக்கு நோட்டில் இவற்றுக்கு வரி கிடையாது.

சனிக்கிழமை ராத்திரி ஏறுமாடத்தில் யார் என்பதற்குச் சீட்டு.
விழுந்தவனுக்குத் துப்பாக்கி, இரண்டு தோட்டா,
ஒரு பிளாஸ்க் கட்டன்.
கையெழுத்து நன்றாயிருப்பதால் எழுதுவது நான்:
எஸ்றா, தாசையன், சிங்கராயன், விஜுகுமார்,
யோபு, யோபின் மருமகன்.
இந்த வாரம் ஏழாவதாக ஒன்று எழுதினேன்.
மற்றவற்றைவிடச் சின்னதாக மடித்தேன், ஏனோ.

குக்கருக்குள் போட்டுக் குலுக்கி
விஜுவின் மகள் எடுத்தாள்.
எஸ்றா.
"இந்த வருசம் மூணாம் தடவலே இவனுக்கு" என்றான் தாசையன்.
"எடுத்தது பிள்ள. எனக்க கையா?"
குக்கரில் மிச்சம் ஆறு இருந்ததை
யாரும் எண்ணவில்லை.

கழுவுகிற சாக்கில் உள்ளே கொண்டுபோனேன்.
ஐந்தை அடுப்பில் போட்டேன்.
என் பெயரை இன்னும் இறுக்கிச் சுருட்டி
எஸ்றாவின் முதல் தோட்டாவில்
மருந்துக்கும் ஈயத்துக்கும் நடுவே வைத்து
இடித்து அமர்த்தினேன்.
வலையில் தக்கை மிதக்கும், ஈயம் தாழும்.
இங்கே இரண்டும் ஒரே பக்கம் போகும்.

இரண்டு மணி பத்து. ஒரு வெடி.
பேச்சிப்பாறை மலை அதைத் திருப்பிச் சொன்னது.
இரண்டாவது வரவில்லை.
பட்டிருந்தால் ஒன்று போதும்;
படாவிட்டால் இரண்டாவதற்கு நேரமிராது.
படுத்தபடியே
இதையே மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மருந்து கொறவு மைனி"
விடியலில் காலிக்கூட்டை நீட்டினான் எஸ்றா.
"கண்ணுக்கு நேரே நிண்ணுது. தாய்ப்பன்னி."
வாங்கி மோந்து பார்த்தேன்.
எரிய வேண்டியதெல்லாம் எரிந்திருந்தது.
கூடு இன்னும் இரண்டு தடவை தாங்கும்.

விளையில் ஏழு மூடு மரச்சீனி பிடுங்கிக் கிடந்தது.
காகிதம் என்று ஒன்றும் கிடைக்கவில்லை.
ஏதோ கருகியிருந்தது, அது சருகாகவும் இருக்கலாம்.
வரப்புக்கு அப்பால் என் ரப்பர், மூன்றாம் வரிசை,
முழங்கால் உயரத்தில் துளைகள்.
விரல் வைத்து எண்ணினேன். எட்டு.
எட்டிலும் பால்.
ஒன்பதாவதை அடுத்த மரத்தில் தேடினேன்,
அதற்கடுத்ததிலும்.
ஆற்றுப்பக்கம் புல் ஒரு பாதையாகச் சாய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் பால் வெட்டுவதில்லை.
கம்பியிலிருந்து சிரட்டையைக் கழற்றி
மரத்தடியில் வைத்துவிட்டு
புல் சாய்ந்த வழியே நடந்தேன்,
வெறுங்கையோடு.