எண்பத்திரண்டு சென்றிமீற்றர்

பஞ்சிகாவத்தையில் கடைகள் ஷட்டர் இறக்கிய பிறகு
ரிஸ்மியின் பட்டறைத் தரையில் சோக்குக் கோடுகள்.
எண்பத்திரண்டு சென்றிமீற்றர்.
அதற்கு மேல் ஒரு விரல் அகலமும் தரமாட்டேன் என்றேன்.
ஆமர் வீதியில் பஸ்ஸுக்கும் லொறிக்கும் நடுவே
பின்னேரம் ஆறு மணிக்கு மிஞ்சும் இடம்
அவ்வளவுதான். அளந்திருக்கிறேன்,
டேப்பை நீட்டிக்கொண்டு, ஏச்சு வாங்கிக்கொண்டு.

ஒடுங்கிய ஒன்று உயர்ந்து நின்றால் விழும்.
விழாதிருக்க வழி இரண்டு:
அகலமாவது,
அல்லது சாய்வது.
அகலமாகிப் பார்ப்பதை
இந்த நகரம் எல்லாருமாகச் செய்து முடித்துவிட்டது.

முன்னுக்கு இரண்டு சக்கரம், பின்னுக்கு ஒன்று.
இருக்கைக்குக் கீழே, ஆனமட்டும் தாழ்வாக, பற்றறி.
ஒரு சக்கரம் ஏற மற்றது இறங்கும்படி
குறுக்கே ஒரு கம்பி, அதன் நடுவில் அச்சு.
அந்த அச்சைப் பதினொரு தரம் வரைந்தேன்.
ஒன்பதைக் கடதாசியில் பார்த்தே ரிஸ்மி சிரித்தான்.
பத்தாவதை வெல்டிங் பண்ணிவிட்டுச் சிரித்தான்.

ஓட்டோவில் போனவர்களுக்குத் தெரியும்.
வண்டி வலப்பக்கம் திரும்ப நாம் இடப்பக்கம் சரிவோம்,
பக்கத்தில் இருப்பவரின் பைமேல், பைக்குள் மீன்.
திருப்பம் என்றால் வெளியே எறியப்படுவது என்று
உடம்பு சின்ன வயதிலேயே பாடமாக்கிவிட்டது.

வேகத்தின் வர்க்கத்தை ஆரையால் வகு,
பிறகு ஒன்பது தசம் எட்டால் வகு.
இருபத்திரண்டு பாகை வந்தது.
இருபத்திரண்டு பாகை சாய்ந்தால்
பாரம் நேரே இருக்கைக்குள் இறங்கும்,
காலடியில் வைத்த பிளேன்ரீ தளும்பாது.
இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் நம்பமாட்டார்கள்:
வலப்பக்கம் சாய, ஹேண்டிலை முதலில்
ஒரு நூலளவு இடப்பக்கம் தள்ளவேண்டும்.

ஞாயிறு விடியற்காலை, லிப்டன் சுற்றுவட்டம்.
பின் இருக்கையில் அறுபத்திரண்டு கிலோ மணல்மூட்டை,
மழைக்கோட்டு போட்டு, பெல்ட் கட்டி.
மூன்று சுற்று.
காகங்களும் ஒரு பால் வானும்தான் பார்த்தன.
தெரு விளக்குகள் ஒருபக்கமாய்ச் சரிந்து
என்னோடு சேர்ந்து திரும்பின.
ரயர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பிறகு சிவப்பு விளக்கு.
யாருமே இல்லாத சந்தி. ஆனாலும் நின்றேன்.
நின்றால் சாயாமல் பூட்டவேண்டிய பூட்டு
பூட்டவில்லை.
ஓடும்போது விழாதது
நின்ற இடத்தில், மெதுவாக,
தூங்கிப்போகும் ஆளைப்போல விழுந்தது.

பொலிஸ்காரர் ஓடிவந்து
முதலில் மூட்டையைத்தான் தூக்கினார்.
"இவருக்கு அடிபட்டதா?" சிங்களத்தில்.
மணல் என்றேன்.
கோட்டைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்:
மோட்டார்சைக்கிளா, த்ரீவீலா?
நாரஹேன்பிட்டியில் நான் நிரப்பாமல் விட்ட கட்டம்
அதே கேள்விதான்.
கொப்பியை எடுத்தார், பேனையை உதறினார்.
தலைகீழாக வாசித்தேன்:
'ஒரு வாகனம்.'
கொஞ்சம் யோசித்து, கீழே:
'நிற்கும்போது விழுந்தது.'

அடுத்த கிழமை மூட்டையை இறக்கிவிட்டு ரிஸ்மி ஏறினான்.
மணல் நல்ல பயணி; சாய்ந்தால் சாயும்.
இவனோ வண்டி வலம் போக இடம் போனான்,
கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு
உடம்பின் பழைய பாடத்தை ஒப்புவித்தான்.
நான்காவது சுற்றில்
பெயாரிங் விலை ஏறியதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினான்.
கடைக்காரனைத் திட்டினான், துறைமுகத்தைத் திட்டினான்.
அந்தக் கோபத்தில் பயத்தை மறந்து
என்னோடு, வண்டியோடு,
ஒரே கோட்டில் சாய்ந்தான்.
அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை,
சொன்னால் நிமிர்ந்துவிடுவான்.

பூட்டு இன்னும் சரிவரவில்லை.
சிக்னலில் கால் ஊன்றுகிறேன்.
இடது சப்பாத்து மட்டும் தேய்ந்திருக்கிறது.